கேரவன் ரெடி, நாயும் ரெடி... ராத்திரி எங்கே நிறுத்துறது?

ஒரு ரீல்ஸ். உங்க ஃபீடிலும் வந்திருக்கும். வெள்ளை வேன் ஒன்று மலைப்பாதையில் திரும்புகிறது. ஜன்னலில் காது பறக்க ஒரு நாயின் தலை. உள்ளே குட்டி அடுப்பில் காபி கொதிக்கிறது. கணவன் ஸ்டீயரிங்கில், மனைவி கேமராவில். 'வேலையை விட்டோம், வீட்டைக் காலி பண்ணினோம், மூணு பேரும் கிளம்பிட்டோம்' என்று கேப்ஷன். அந்த மூணாவது ஆள் யார்னு சொல்லத் தேவையில்லை, வாலை ஆட்டிக்கொண்டிருக்கிறது.

லைக் போட்டுவிட்டு, 'இஎம்ஐ முடியட்டும், நாமளும் போறோம்' என்று பார்ட்னருக்கு ஃபார்வர்டு செய்தவர்களில் நானும் உண்டு. ஆனால், அந்த மாதிரி ரீல்ஸ்களில் ஒரு காட்சி மட்டும் லேசில் வராது. ராத்திரி ஒன்பது மணிக்கு, முன்பின் தெரியாத ஊரில், வண்டியை எங்கே ஓரங்கட்டுவது என்று கூகுள் மேப்பை விரலால் தேய்த்துக்கொண்டிருக்கும் காட்சி. கேரவன் பயணம் நடக்குமா, நடக்காதா என்பது அந்த ஒன்பது மணியில்தான் முடிவாகிறது. கூட நாய் இருந்தால் இன்னும் கண்டிப்பாக.

'கேரவன்' என்றாலே நமக்கு ஹீரோ ஷாட்டுக்கு நடுவில் போய் உட்காரும் வண்டிதான் ஞாபகம் வரும். ஷூட்டிங் ஸ்பாட்டில் நின்ற இடத்திலேயே நிற்கும் ஏசி அறை. ஆனால், அந்தச் சொல் பாரசீகத்திலிருந்து வந்தது. பாலைவனத்தில் ஒட்டகங்களோடு கூட்டமாகப் போகும் வணிகர்களுக்கு அந்தப் பெயர். அதைச் சுருக்கித்தான் ஆங்கிலத்தில் 'வேன்' வந்தது. அந்தக் கூட்டம் ராத்திரி தங்க வழியெல்லாம் கட்டிவைத்த இடத்துக்கு 'சராய்' என்று பெயர். மனுஷனுக்கு இடம், மிருகத்துக்கு இடம், நடுவில் தண்ணீர். நாம் வேனை மட்டும் எடுத்துக்கொண்டோம். சராயை விட்டுவிட்டோம்.

அம்மா, மகன், மருமகள், ரிங்கோ

இந்த ஜானரில் நான் திரும்பத் திரும்பப் போய் நிற்கும் நிஜக்கதை ஒன்று உண்டு. அமெரிக்காவின் டிம் பவர்ஷ்மிட், ரேமி லிடில் தம்பதி பல வருஷமாக இழுவை டிரெய்லரையே வீடாக வைத்து ஊர் ஊராகச் சுற்றியவர்கள். கூடவே ரிங்கோ என்ற பெரிய பூடில் நாய். 2015 கோடையில் டிம்மின் அப்பா இறந்துபோனார். அடுத்த சில நாள்களிலேயே 90 வயது அம்மா நார்மாவுக்குக் கர்ப்பப்பை புற்றுநோய் என்று தெரிந்தது. ஆபரேஷன், ரேடியேஷன், கீமோ எதுவும் வேண்டாம், உங்களோடு வண்டியில் வருகிறேன் என்று சொல்லிவிட்டார் நார்மா. டிரெய்லர் போதாது என்று பெரிய மோட்டார் ஹோம் வாங்கினார்கள். அந்த ஆகஸ்டில் மிச்சிகனிலிருந்து கிளம்பிய வண்டி, 32 மாநிலங்கள், சுமார் 21,000 கிலோமீட்டர் ஓடியது. 90 வயதில் அவர் ஹாட் ஏர் பலூனில் ஏறினார். 2016 செப்டம்பர் 30 அன்று, வாஷிங்டன் மாநிலத்தின் ஃப்ரைடே ஹார்பரில் 91 வயதில் இறந்தார். பாதி உலகம் ஃபேஸ்புக்கில் அந்தப் பயணத்தைப் பின்தொடர்ந்தது.

படிக்கும்போது தொண்டை அடைக்கத்தான் செய்யும். ஆனால் செய்தியாளர் புத்தி வேறொன்றைக் கேட்கிறது. வீல்சேரில் ஒரு பாட்டி, ஒரு பெரிய நாய், இரண்டு பேர். ஒரு வருஷத்துக்கு மேல் ஒவ்வொரு ராத்திரியும் வண்டியை எங்கே நிறுத்த முடிந்தது? அங்கே அதற்கு விடை இருக்கிறது. தண்ணீர்க் குழாய், கரன்ட் பிளக், கழிவைக் கொட்டும் குழி என்று எல்லாம் உள்ள ஆர்.வி. பார்க்குகள் நாடு முழுக்க உண்டு. அரசின் பொது நிலங்கள் பலவற்றில் 14 நாள் வரை இலவசமாகவே தங்கலாம். பல வால்மார்ட் கடைகள் தங்கள் பார்க்கிங்கில் ராத்திரி நிறுத்திக்கொள்ள விடுகின்றன. நார்மாவின் தைரியம் அவருடையது. அந்தத் தைரியத்துக்கு நிழல் கொடுத்தது ஒரு நாட்டின் பார்க்கிங் வசதி.

இன்னொரு பக்கமும் சொல்லிவிட வேண்டும். 2021-ல் ஆஸ்கர் வாங்கிய 'நோமேட்லேண்ட்' படத்தில் வேனில் வாழ்பவர்கள் ஆசைக்காகப் போனவர்கள் கிடையாது. வீடும் வேலையும் போனவர்கள். 'வேன் லைஃப்' ஹேஷ்டேக் இந்த இரண்டு கூட்டத்தையும் ஒரே ஃபில்டரில் காட்டுகிறது.

இந்திரனின் 'நோ பெட்ஸ்' போர்டு

நம் ஊரில் நாய் வளர்க்கும் ஜோடிக்கு கேரவன் ஆசை ஏன் வருகிறது? வேறு வழியே இல்லாததால். ரயிலில் நாய் உங்களோடு வரவேண்டும் என்றால், முதல் வகுப்பு ஏசியில் இரண்டு பேர் கூபேவையோ, நான்கு பேர் கேபினையோ முழுசாக எடுக்க வேண்டும். இல்லையென்றால் கார்டு வண்டியில் இருக்கும் கூண்டு. அதில் ஏற்றிவிட்டு, ஒவ்வொரு ஸ்டேஷனிலும் இறங்கி ஓடிப்போய்ப் பார்க்க வேண்டியதுதான். விமானத்தில் இண்டிகோ செல்லப்பிராணிகளை ஏற்றுவதில்லை. ஏர் இந்தியா, ஆகாசா ஏற்றுகின்றன. ஆனால் உங்கள் காலடியில் உட்காரும் அனுமதி, கூண்டோடு சேர்த்து சில கிலோ மட்டுமே இருக்கும் குட்டி நாய்களுக்கு. லேப்ரடாரோ ராஜபாளையமோ வைத்திருப்பவருக்கு அந்தக் கதவு மூடியது. ஹோட்டல்களைப் பற்றிப் பேசவே வேண்டாம், வாடகை வீடே கிடைப்பதில்லை.

மகாபாரதத்தின் கடைசிக் காட்சி ஞாபகம் இருக்கா? பாஞ்சாலியும் தம்பிகளும் வழியில் ஒவ்வொருவராக விழ, தர்மனோடு மிச்சமிருப்பது ஒரு நாய். ரதத்தோடு வந்த இந்திரன், நாய்க்கு அனுமதி இல்லை என்கிறான். அப்படியென்றால் நானும் வரவில்லை என்கிறான் தர்மன். உலகின் முதல் 'நோ பெட்ஸ்' போர்டு சொர்க்கத்தின் வாசலில்தான் மாட்டப்பட்டிருந்தது. தர்மனின் கட்சிக்காரர்கள்தான் இன்று சொந்தமாக வேன் தேடுகிறார்கள்.

வேன் தேடுவதிலும் ஒரு பள்ளம் இருக்கிறது. பழைய டெம்போ டிராவலரை வாங்கி, சீட்டைக் கழற்றி, கட்டில் போட்டு, கூரையில் சோலார் வைத்தால் கேரவன் ஆகிவிடும் என்று யூடியூப் சொல்லும். சட்டம் அப்படிச் சொல்லவில்லை. மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவின்படி, தயாரிப்பாளர் கொடுத்த அமைப்பை நம் இஷ்டத்துக்கு மாற்றக்கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதி செய்தது. கேரளாவின் 'இ புல் ஜெட்' யூடியூப் சகோதரர்களின் 'நெப்போலியன்' வேனை, விதி மீறி மாற்றம் செய்ததாகச் சொல்லி 2021 ஆகஸ்டில் அந்த மாநில மோட்டார் வாகனத் துறை கைப்பற்றியது நினைவிருக்கலாம். ஊரே இரண்டாகப் பிரிந்து சண்டை போட்டது. மோட்டார் கேரவனுக்கென்று தனித் தரநிலை இருக்கிறது, ஏஐஎஸ் 124. அதன்படி ஒப்புதல் பெற்ற வண்டியை வாங்கலாம், அல்லது வாடகைக்கு எடுக்கலாம். முதல் பயணத்துக்கு வாடகைதான் புத்திசாலித்தனம். உங்கள் நாய்க்கு ஓடும் வண்டியில் வாந்தி வருமா என்பது ஆர்சி புக் கைக்கு வருவதற்கு முன்பே தெரிந்துவிடுவது நல்லது.

திருமுக்கூடலில் ஒரு ராத்திரி

லடாக், ஸ்பிட்டி எல்லாம் அப்புறம் பார்க்கலாம். சென்னையிலிருந்து ஒரு சனிக்கிழமை காலை கிளம்பித் தொட்டுவிடும் ஊரை வைத்துச் சோதிப்போம். செங்கல்பட்டிலிருந்து காஞ்சிபுரம் போகும் சாலையில் பழைய சீவரம் வரும். மலை மேல் நரசிம்மர். பாலாற்றுக்கு அந்தக் கரையில் திருமுக்கூடல். பாலாறு, செய்யாறு, வேகவதி மூன்றும் கூடும் இடம். கரையிலேயே பழமையான அப்பன் பிரசன்ன வெங்கடேசப் பெருமாள் கோயில். ஆறு, மணல், கோபுரம், சாயங்கால வெயில். ட்ரோன் ஷாட்டுக்கென்றே செய்துவைத்த மாதிரி இருக்கும்.

முதல் பிரச்னை கோயில் வாசலில். நாய் உள்ளே வரமுடியாது, அது நியாயம்தான். இரண்டு பேரும் சேர்ந்து உள்ளே போனால் நாய் வண்டியில். இங்கேதான் பலர் தப்பு செய்கிறார்கள். ஏசியை அணைத்து, ஜன்னலைக் கொஞ்சம் இறக்கிவிட்டு, 'பத்து நிமிஷம்தானே' என்று போகிறார்கள். வெயிலில் நிற்கும் வண்டிக்குள் அரை மணி நேரத்தில் வெளியே இருப்பதைவிட 15 டிகிரிக்கு மேல் கூடிவிடும். ஜன்னலை ஓர் அங்குலம் திறப்பதால் பெரிய வித்தியாசம் வராது. நாய்க்கு நம்மைப் போல் உடம்பெல்லாம் வியர்க்காது. பாதத்தில் கொஞ்சம், மற்றபடி நாக்கைத் தொங்கவிட்டு மூச்சிரைப்பதுதான் அதன் ஏசி. மூச்சிழுக்கும் காற்றே கொதித்தால் அதுவும் வேலை செய்யாது. சித்திரை வெயிலில் காஞ்சிபுரம் பக்கம் வெளியே 40 டிகிரியைத் தொடும்போது உள்ளே எவ்வளவு என்று நீங்களே கூட்டிக்கொள்ளுங்கள். ஆக, ஒருத்தர் கோயில், ஒருத்தர் நாய். அப்புறம் மாற்றிக்கொள்ள வேண்டும். காஞ்சிபுரத்தில் பட்டுப்புடவைக் கடைக்குப் போனாலும் இதே ஷிஃப்ட்தான். (புடவைக்கடை ஷிஃப்டில் வெளியே நிற்கும் கணவருக்கு நாய் ஒரு நல்ல சாக்கு என்பது வேறு விஷயம்.) ஜோடியாகப் போகும் பயணத்தில் பாதியைத் தனித்தனியாகத்தான் பார்க்கிறார்கள். கேப்ஷனில் இது வருவதில்லை.

இரண்டாவது, ஊர் நாய்கள். அமெரிக்கத் தம்பதிக்கு இல்லாத பிரச்னை இது. நம் ஒவ்வொரு தெருவுக்கும் நாலு நாய் காவல், ஒவ்வொன்றுக்கும் எல்லை உண்டு. புது வண்டி, அதற்குள் புது நாய் வாசனை. கதவைத் திறந்தால் சுற்றி நிற்கும். உங்கள் டாமி கீழே இறங்கி ஒண்ணுக்குப் போவதற்கே பஞ்சாயத்து பேச வேண்டும். சமாதானத்துக்கு பிஸ்கட் போடுகிறோம் அல்லவா, அதிலும் இப்போது யோசிக்க வேண்டியிருக்கிறது. தெருநாய் வழக்கில் 2025 ஆகஸ்ட் 22 அன்று உச்ச நீதிமன்றம், தெருவில் கண்ட இடத்தில் உணவு போடக்கூடாது, அதற்கென்று இடம் ஒதுக்க வேண்டும் என்றது. வழக்கை நாடு முழுமைக்கும் விரித்தது. நவம்பர் 7 அன்று பள்ளி, மருத்துவமனை, பேருந்து நிலையம், ரயில் நிலைய வளாகங்களிலிருந்து தெருநாய்களை அகற்ற உத்தரவிட்டது. நாய் என்ற சொல்லே சூடாகிக் கிடக்கும் காலம் இது. குழந்தையை நாய் கடித்த வலி இருக்கும் ஊரில், நீங்கள் கயிறு இல்லாமல் இறக்கிவிடும் 'ரொம்ப சாது' நாயை யாரும் சாதுவாகப் பார்க்க மாட்டார்கள். கயிறு, ரேபிஸ் ஊசி போட்ட புத்தகம் இரண்டும் வண்டியின் ஆர்சி புக்குக்கு அடுத்த இடத்தில் இருக்க வேண்டும். ஆற்றங்கரைப் புல்லில் ஒரு மணி நேரம் விளையாடினால் காது மடலில் உண்ணி இருக்கிறதா என்று ராத்திரி டார்ச் அடித்துப் பார்ப்பதும் டியூட்டிதான்.

மூன்றாவது, கழிவு. கேரவனின் கேசட் டாய்லெட் இரண்டு பேருக்கு இரண்டு, மூன்று நாளில் நிரம்பிவிடும். அதை எங்கே கொட்டுவது? நெடுஞ்சாலை பெட்ரோல் பங்க் கழிப்பறையில் கெஞ்சிக் கேட்கலாம். சிலர் இருட்டியதும் என்ன செய்வார்கள் என்று எழுதவே கூச்சமாக இருக்கிறது. பாலாற்றில் வருஷத்தின் பெரும்பகுதி மணல்தான் தெரியும், 'யார் பார்க்கப் போறா' என்று தோன்றும். அந்த மணலுக்கு அடியிலிருந்துதான் சுற்றியிருக்கும் ஊர்கள் குடிக்கின்றன.

கடைசியாக அந்த ஒன்பது மணி. கல்குவாரி லாரிகள் ஓடும் சாலையோரத்தில் தூங்க முடியாது. ஆற்றங்கரையில் நிறுத்தினால் ஊர்க்காரர் ஒருத்தர் டார்ச்சோடு வருவார். யார் நீங்க, எந்த ஊரு, இங்கே என்ன பண்றீங்க? அவரைக் குறை சொல்ல மாட்டேன். இருட்டில் வந்து பாட்டில் உடைத்துவிட்டுப் போனவர்களை அவர் நிறையப் பார்த்திருப்பார். ஆனால், கதவைத் தட்டும் சத்தம் கேட்டதும் வண்டிக்குள் இருக்கும் பெண்ணின் வயிற்றில் என்ன ஆகும் என்பதும் உண்மை. 'நீங்க புருஷன் பொண்டாட்டியா, ப்ரூஃப் காட்டுங்க' என்ற கேள்வி லாட்ஜ் ரிசப்ஷனோடு நின்றுவிடும் என்று கேரவன் எடுத்தவர்களுக்கு, அதே கேள்வி ஜன்னல் வழியாக வரும். அந்த நேரத்தில் குரைக்கும் நாய் பெரிய தைரியம். இந்தப் பயணத்தில் நாய் பாரம் என்று நினைப்பவர்கள் அந்த ஒரு ராத்திரியில் மனசு மாறுவார்கள்.

இதே ஊரில் ஒரு காலத்தில்

வேடிக்கை என்னவென்றால், வழிப்போக்கரை எப்படி நிறுத்தி வைப்பது என்று நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. 17-ம் நூற்றாண்டின் இறுதியில் மதுரையை ஆண்ட ராணி மங்கம்மாள் போட்ட சாலைகளும், கட்டிய சத்திரங்களும் இன்றும் அவர் பெயரில் இருக்கின்றன. தஞ்சையை ஆண்ட இரண்டாம் சரபோஜி, ராமேஸ்வரம் போகும் வழியில் ஒரத்தநாட்டில் முக்தாம்பாள் சத்திரத்தைக் கட்டினார். நடப்பவருக்குச் சோறு, மாட்டுக்குத் தண்ணீர், தலைச்சுமையை இறக்கிவைக்கச் சுமைதாங்கிக்கல். எல்லாருக்கும் ஒரே பந்தியா என்றால், பெரும்பாலும் கிடையாது. சாதி பார்த்துத்தான் இலை போட்டார்கள். ஆகவே ரொம்பவும் உருக வேண்டாம். ஆனாலும், சாலை போடுகிறவனுக்கு நிறுத்துமிடமும் போட வேண்டும் என்ற கணக்கு தெரிந்திருந்தது.

திருமுக்கூடல் கோயில் சுவரிலேயே அதற்குச் சாட்சி இருக்கிறது. வீரராஜேந்திர சோழன் காலத்து (1063-1070) நீண்ட கல்வெட்டு ஒன்று, கோயிலோடு சேர்ந்து ஒரு பள்ளியும், மாணவர்களுக்குத் தங்கும் இடமும், ஒரு மருத்துவமனையும் நடந்ததைச் சொல்கிறது. 15 படுக்கை, ஒரு வைத்தியர், அறுவை செய்பவர், பணிவிடை செய்யும் பெண்கள், இருப்பில் இருக்க வேண்டிய மருந்துகளின் பட்டியல் வரை. இன்றைய 'அமினிட்டீஸ்' லிஸ்ட் மாதிரியே இருக்கும். கல்லில் வெட்டிவைத்ததால் யாரும் எடிட் பண்ண முடியவில்லை.

இன்னொன்று, அந்த ஊரில் வருஷத்துக்கு ஒருமுறை நடக்கும் லாங் டிரைவ். மாட்டுப்பொங்கல் அன்று காஞ்சி வரதராஜப் பெருமாள் பார்வேட்டைக்குக் கிளம்பி, வழியெல்லாம் மண்டகப்படி கண்டு, பழைய சீவரம் வந்து, பாலாற்றைக் கடந்து திருமுக்கூடல் போகிறார். பழைய சீவரம் நரசிம்மர், சாலவாக்கம் சீனிவாசர், காவாந்தண்டலம் லட்சுமி நாராயணர் எல்லோரும் வர, ஐந்து பெருமாளும் ஒரே இடத்தில் சேவை சாதிக்கிறார்கள். எங்கே நிற்பார், எவ்வளவு நேரம், யார் பந்தல், யார் பிரசாதம் எல்லாம் முன்கூட்டியே ஊருக்குத் தெரியும். சாமிக்கு ஒரு நாளில் இத்தனை ஹால்ட் ஏற்பாடு செய்யத் தெரிந்த ஊர்களில், சாதா மனுஷன் ஒரு ராத்திரி வண்டி நிறுத்த வழி செய்வது பெரிய விஷயமா?

அரசுகள் யோசிக்காமலும் இல்லை. கேரளா 2021-ல் 'கேரவன் கேரளா' கொள்கையை அறிவித்து, அடுத்த வருஷமே வாகமனில் முதல் கேரவன் பார்க்கைக் கொண்டுவந்தது. நம் தமிழ்நாடு சுற்றுலாக் கொள்கை 2023-ம் முன்னுரிமை வகைகளில் கேரவன் சுற்றுலாவைச் சேர்த்திருக்கிறது. எனக்கு இருக்கும் பயம் வேறு. கேரவன் பார்க் என்றால் உடனே மலை உச்சியில் சொகுசு ரிசார்ட் என்று போய்விடுகிறார்கள். மலைகளில் ஏற்கெனவே இடமில்லை. அதனால்தான் 2024 மே 7 முதல் ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் இ-பாஸ் வந்தது, அடுத்த வருஷம் வண்டிகளின் எண்ணிக்கைக்கே உச்சவரம்பு வந்தது. பந்திப்பூர் காட்டுச்சாலை ராத்திரி ஒன்பதிலிருந்து காலை ஆறு வரை மூடியிருக்கும். புலிகள் காப்பகங்களில் நாயோடு இறங்குவது விலங்குகளுக்கே ஆபத்து. 2018-ல் குஜராத்தின் கிர் காட்டில் 20-க்கும் மேற்பட்ட சிங்கங்கள் இறந்தபோது, அவற்றில் பலவற்றின் உடலில் கண்டுபிடிக்கப்பட்டது நாய்களிடம் பரவலாகக் காணப்படும் டிஸ்டெம்பர் வைரஸ்.

தேவைப்படுவது சமவெளியில், சாதாரண ஊர்களில். நாலு வண்டி நிற்கும் மைதானம், ஒரு குழாய், ஒரு பிளக் பாயின்ட், கழிவு கொட்ட மூடியுள்ள தொட்டி, ராத்திரி ஒரு விளக்கு, ஒரு காவலர். பக்கத்துக் கால்நடை மருந்தகத்தின் போன் நம்பர் எழுதிய ஒரு போர்டு. கட்டணத்தை ஊராட்சி வாங்கிக்கொள்ளட்டும். டார்ச்சோடு வரும் அந்த ஊர்க்காரரே ரசீதோடு வந்தால், ஜன்னலுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பயம் பாதியாகிவிடும். இதற்கு ரிசார்ட் பட்ஜெட் தேவையில்லை.

அதுவரை திருமுக்கூடல் போக நினைப்பவர்களுக்கு: மாட்டுப்பொங்கல் அன்று நாயைக் கூட்டிப்போகாதீர்கள், அந்தக் கூட்டமும் வெடிச்சத்தமும் அதற்கு ஆகாது. வேறொரு நாளில், தை மாசத்துக் குளிர் இருக்கும்போதே, விடிகாலையில் போய்ச் சேருங்கள். முதல் ஷிஃப்ட் யார் கோயிலுக்குள், யார் நாயோடு ஆற்றங்கரையில் என்று வண்டியிலேயே டாஸ் போட்டுக்கொள்ளுங்கள். ராத்திரிக்கு, இப்போதைக்கு, வீட்டுக்கே திரும்பிவிடுங்கள்.